சுட்டுவிரல் அக்கா பார்த்த கத்தி

இது நடந்த கதை. ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொல்கிறேன். என் தலையில் அடித்துச் சத்தியம்.

சரி, தலையை விடுங்கள். அதில் முடியே இல்லை, சத்தியம் வழுக்கி விழுந்துவிடும். கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன். எனக்குப் பூனை என்றால் புலி, தூறல் என்றால் பிரளயம். பார்சல் கிடங்கில் என் பட்டப்பெயர் மூட்டை. மூட்டை தூக்குகிறவன் என்பதால் வைத்ததில்லை. தூக்குவதைவிட அவிழ்த்துவிடுவது அதிகம் என்பதால் வைத்தது.

நேற்று மதியச் சாப்பாட்டு நேரம். மரப்பலகை அடுக்குகளின் மேல் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். லாரி டிரைவர், எடை மெஷின்காரர், போன வாரம் சேர்ந்த புதியவர்கள் மூன்று பேர், நான். எங்கள் நடுவே ஒரு அட்டைப்பெட்டி. அதன்மேல் நான்கு மடக்குக் கத்திகள். காலையில் மேனேஜர் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனவை.

“ஒரு வாரம் வச்சுப் பாரு. தினமும் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு வேலை செய்ய எது தோதுன்னு சொல்லு. எல்லாருக்கும் அதையே வாங்கிடலாம். இந்த ஊர்ல உனக்குத் தெரியாத விஷயம் இல்லையே” என்றார். வாய் பெரிதாக இருப்பவனுக்குக் கண்ணும் பெரிதாக இருக்கும் என்று நினைத்துவிட்டார், பாவம்.

புதியவர்களில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி. அவள்தான் கேட்டாள்.

“அண்ணே, கத்தியில எதப் பாத்து வாங்கணும்?”

எப்போதும்போல் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டேன். டிரைவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

“என்னடா மூட்டை, வாய்க்குள்ள ஈ போயிடுச்சா?”

“என்னக் கேக்காத தாயி. ரிட்டர்ன் பெஞ்சுல உக்காந்திருக்காங்களே, அவங்களக் கேளு.”

“யாரு, சுட்டுவிரல் அக்காவையா? நான் வந்து ஒரு வாரமாச்சு. அவங்க ‘ம்’முன்னு சொல்லிக்கூடக் கேட்டதில்ல. எப்பப் பாத்தாலும் யாரையாவது விரல நீட்டிக் காட்டுற மாதிரியே இருக்காங்க. அதென்ன பேரு, சுட்டுவிரல்?”

எடை மெஷின்காரர் கிளுக்கென்று சிரித்தார். “அந்தப் பேர வச்சதே இவன்தாம்மா. கதையச் சொல்லுடா மாப்ள. அந்தக் ‘கத்தி சோதிச்ச’ கதை. கேட்டா வயிறு புண்ணாயிடும்.”

அவர் கேட்டது வேறு கதை. நான் சொன்னது இந்தக் கதை.

அக்கா இந்தக் கிடங்குக்கு வந்து பதினெட்டு வருஷம். அதற்குமுன் தையல் வேலை. இரண்டு பெண் பிள்ளைகளை ஒற்றை ஆளாக வளர்த்தவள். வேண்டாம் என்று திரும்பி வரும் பார்சல்களைப் பிரித்து, உள்ளே இருப்பது உடைந்ததா, முழுசா என்று பார்த்து, மறுபடி கட்டுவது அவள் வேலை. ஒரு நாளைக்கு இருநூறு பெட்டி பிரிப்பாள். நான் வெளியே சொல்லும்போது இரண்டாயிரம் என்பேன். அப்படிச் சொன்னாலும் யாரும் சந்தேகப்பட்டதில்லை, அவ்வளவு வேகம். அப்போதெல்லாம் நன்றாகப் பேசுவாள். வாயாடி இல்லை. ஒரு சொல் சொன்னால் ஒரு படி அரிசி மாதிரி, அளந்து, தலைதட்டிப் போடுவாள்.

மூன்று வருஷத்துக்கு முன் மேனேஜர் இதேபோல ஐந்து மடக்குக் கத்திகளை அவளிடம்தான் கொடுத்தார். நானாக இருந்தால் ஒரு காகிதத்தை வெட்டிப் பார்த்து, கைமயிர் இரண்டைச் சிரைத்துப் பார்த்து, ‘இது ராஜா கத்தி’ என்று சாயங்காலத்துக்குள் தீர்ப்புச் சொல்லியிருப்பேன். அக்கா ஒரு மாசம் எடுத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு கத்தியையும் நாலு நாள் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்தாள். குனிந்தால் தொடையில் குத்துகிறதா, உட்கார்ந்தால் வெளியே நழுவுகிறதா, கிளிப் துணியைக் கிழிக்கிறதா. வலக்கையில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு இடக்கைக் கட்டைவிரலால் மட்டும் திறந்து பார்த்தாள். கையுறையோடு திறந்தாள். சோப்புக் கையோடு திறந்தாள். எத்தனை பெட்டிக்குப் பிறகு அட்டையை வெட்டாமல் பிய்க்க ஆரம்பிக்கிறது என்று எண்ணினாள். எல்லாவற்றையும் சின்ன மகளின் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதிவைத்தாள். ஒரு கத்தியோடு அவள் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகக்கூடச் சொல்லியிருக்கிறேன். அது நான் இழுத்தது.

“ஏன்கா, பொண்ணு பாக்கப் போனவங்ககூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க. வெட்டுதான்னு பாத்தா ஆச்சு” என்றேன்.

“வெட்டுறதுக்கு என்ன, எல்லாக் கத்தியும் வெட்டும். விரிச்சது விரிச்சபடி நிக்குதா, அதான் கேள்வி. மடங்கக் கூடாத நேரத்துல மடங்குனா அது கத்தி இல்ல, பாம்பு.”

அதனால் தினமும் காலையில் வேலை தொடங்கும்முன் கத்தியை விரித்து, அலகின் முதுகை மேசை விளிம்பில் தட்டித் தட்டிப் பார்ப்பாள். பிடிக்குள் ஒரு தகடு நகர்ந்து வந்து அலகின் காலடியில் முட்டுக்கொடுத்து நிற்கும். அதுதான் பூட்டு. அது அசையாமல் நின்றால்தான் பெட்டி.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் மூட்டை இல்லையே. என்னிடம் ஒரு கத்தி இருந்தது. பிடி முழுக்கப் பறக்கும் பாம்பு செதுக்கி, முழங்கை நீளம். முழங்கை இல்லை, சரி, ஒரு சாண். திறந்தால் துப்பாக்கி மாதிரி சத்தம் போடும். எல்லாரும் கூடியிருக்கும்போது அதைக் கொண்டுபோய் அக்கா முன்னால் வைத்தேன்.

“இதையும் உங்க பரீட்சையில சேத்துக்குங்க. முதல் மார்க்கு இதுக்குத்தான்.”

அக்கா அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். திருப்பித் தந்தாள்.

“பேன்ட்டு அவுந்துடும்.”

கிடங்கே சிரித்தது. கூரைத் தகரம் பறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷமாக நான் சொல்லி அவர்கள் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். சாயங்காலம் பஸ்ஸில் ஒருவன் தன் போனைப் பார்த்துச் சிரித்தான். அவன்கூட என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறான் என்று தோன்றியது.

மறுநாள் காலை. ஐந்தில் மூன்றாவது கத்தியை அக்கா கிட்டத்தட்ட முடிவுசெய்திருந்தாள். கறுப்புப் பிடி போட்ட சின்னக் கத்தி. வழக்கம்போல் விரித்தாள், தட்டினாள், தலையாட்டினாள். மடக்கி பெஞ்சின்மேல் வைத்துவிட்டுக் கை கழுவக் குழாயடிக்குப் போனாள்.

இந்த இடத்துக்கு நான் வந்தபோது, தண்ணீர்க் கேனில் தம்ளர் இடிக்கும் சத்தம் கேட்டது. அக்கா. எங்களுக்குப் பின்னால் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

“அப்புறம்? சொல்லுடா” என்றார் டிரைவர். எடை மெஷின்காரர் சிரிப்பதற்காக வாயைப் பாதி திறந்து வைத்திருந்தார். ‘அக்கா கத்தியச் சோதிச்சாங்க, கத்தி அக்காவச் சோதிச்சிடுச்சு.’ மூன்று வருஷமாக நான் சொல்லும் வரி அது. எத்தனை முறை சொன்னாலும் சிரிப்பார்கள். ஒரு முறை அக்காவுக்கு முன்னாலேயே சொன்னேன். அவளும் லேசாகச் சிரித்தாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை இழுக்கவில்லை.

நேற்றும் அந்த வரி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் போதும், எல்லாரும் சிரிப்பார்கள், அக்கா தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விடுவாள், ஒரு வாரம் கழித்து நான் ஏதோ ஒரு கத்தியை ராஜா கத்தி என்பேன். அட்டைப்பெட்டிமேல் நாலும் பளபளவென்று கிடந்தன. நான் நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை. தரையில் கிடந்த ஒரு பசைநாடாத் துண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

“அவங்க கை கழுவப் போனப்ப, நான் அந்தக் கத்தியோட மூட்டுத் திருகாணியக் கழட்டி விட்டேன். முழுசா இல்ல. அரைச் சுத்து.”

யாரும் சிரிக்கவில்லை.

அலகு கிழவன் பல் மாதிரி ஆடும், மேனேஜர் முன்னால் அக்கா திருதிருவென்று முழிப்பாள், நான் ஒரு சிரிப்புச் சிரிப்பேன். அவ்வளவுதான் என் கணக்கு. அக்கா வந்தாள். சோதித்த கத்திதானே என்று மறுபடி பார்க்காமல் எடுத்தாள். ஒரு பெட்டியில் பிளாஸ்டிக் பட்டை இறுக்கிக் கட்டியிருந்தது. நுனியை அடியில் நுழைத்து நெம்பினாள். கத்தி மடங்கியது, சுட்டுவிரல்மேல்.

அவள் கத்தவில்லை. ‘ஐயோ’ என்று கத்தியது நான்தான்.

எல்லாரும் பஞ்சுக்கும் வண்டிக்கும் ஓடினார்கள். அக்காவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியது நான் என்று கொஞ்ச நாள் சொல்லித் திரிந்தேன். நான் ஓடவில்லை. நான் பெஞ்சருகிலேயே நின்றேன். கத்தியைத் துடைத்தேன். திருகாணியைப் பழையபடி இறுக்கினேன்.

எதையும் பத்து மடங்கு ஆக்குகிறவன், அதை மட்டும் ‘ஒரு கீறல்’ என்றுதான் சொல்லிவந்தேன். ஏழு தையல். நரம்பில் பட்டுவிட்டது. அந்த விரல் அதற்குப்பிறகு மடங்கவே இல்லை. அதற்குத்தான் நான் பெயரும் வைத்தேன்.

மேனேஜர் கத்தியைப் பார்த்தார், கல் மாதிரி நின்றது. விடுப்பு முடிந்து வந்த அக்காவும் பார்த்தாள். கட்டுப் போட்ட கையோடு நாற்பது தடவை விரித்து விரித்துத் தட்டினாள். கல் மாதிரி நின்றது. பிறகு நோட்டில் எழுதி அவரிடம் கொடுத்தாள். ‘மூணாவது கத்தி நல்ல கத்தி. தப்பு என் கையில.’ இனிமேல் தன்னிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்றும் சொன்னாள். மேனேஜர் பயந்துபோய் மடக்குக் கத்தியே வேண்டாம் என்று நுனி உடைத்துப் போடும் பிளாஸ்டிக் கட்டர் வாங்கிக் கொடுத்தார். அது வாரத்துக்கு ரெண்டு உடைகிறது என்றுதான் இப்போது மறுபடி மடக்குக் கத்திக்கு வந்திருக்கிறார். அன்றிலிருந்து அக்கா, இது நல்லது அது கெட்டது என்று ஒரு பொருளைப் பற்றியும் வாய்திறந்ததில்லை. தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட, ‘நான் பாத்தா சரியா வராது, நீங்களே பாருங்க’ என்று தம்பியிடம் விட்டுவிட்டாளாம்.

இவ்வளவையும் சொல்லி முடித்தேன். கேனிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அக்கா குழாயை மூடினாள். வட்டத்துக்குள் வந்தாள்.

“எத்தனை சுத்து?”

“அரைக்கா.”

“அரைச் சுத்துக்கு அலகு ஆடும். பூட்டு விடாது. எத்தனை?”

ஒப்புக்கொள்ளும்போதுகூடக் குறைத்துச் சொல்லியிருக்கிறேன் பாருங்கள்.

“ரெண்டு.”

“ரெண்டேதானா?”

“ரெண்டரைக்கா. கழண்டு கையில வந்துடுமோன்னு பயந்துதான் நிறுத்துனேன்.”

அக்கா தலையாட்டினாள். காலையில் கத்தியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆட்டுவாளே, அதே மாதிரி. “ரெண்டரைக்குத் தகடு முட்டாது. மடங்கத்தான் செய்யும்” என்றாள், என்னைப் பார்க்காமல். அவள் திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

எடை மெஷின்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“அட, இவன் பேச்ச நம்பாதீங்கக்கா! இவன் என்னிக்கு உண்மையச் சொல்லிருக்கான்? ஏதோ உங்க மனசு ஆறட்டும்னு அவுத்து விடுறான்.”

“நல்லா இருக்கே நியாயம்!” கண்ணாடிப் பெண் எழுந்துவிட்டாள். “இப்படி ஒரு பழிய எவனாவது பொய்யா தன் தலையில தூக்கி வச்சுக்குவானா? மேனேஜர்கிட்ட இப்பவே போய்ச் சொல்லணும். நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?”

“நேத்து வந்த பொண்ணு, நீ உக்காரும்மா! அவன் சோத்துல மண்ணப் போடாத” என்றார் எடை மெஷின்காரர்.

“அவ உக்காரட்டும், நீ என்ன பெரிய யோக்கியன்?” டிரைவர் சாப்பாட்டு டப்பாவைத் தரையில் தட்டினார். “மூணு வருஷமா அந்த விரலப் பாத்துப் பாத்துச் சிரிச்சது நீ!”

“நான் சிரிச்சேனா? நீ சிரிக்கல? ‘இன்னொரு தடவ சொல்லுடா’ன்னு லாரிய ஆஃப் பண்ணிட்டு வந்து கேட்டது எவன்?”

“நான் ஒரே ஒரு தடவடா!”

“ஒரு தடவையா! போன வாரம் இந்தப் புதுப் பசங்ககிட்ட விரல நீட்டிக் காட்டி நடிச்சது யாரு, உங்க அப்பனா?”

“அப்பன இழுக்காத!”

“இழுப்பேன், என்ன பண்ணுவ?”

டப்பா கவிழ்ந்தது. டிரைவர் சட்டைக் கையை மடித்தார். புதியவர்கள் இருவர் நடுவே பாய்ந்தார்கள். அவர்களுக்கு ஆளுக்கொரு அடி விழுந்தது. “சிரிச்சவன்லாம் கை தூக்குங்கடா பாப்போம்!” என்று கண்ணாடிப் பெண் கத்தினாள். “முதல்ல நீ தூக்கு, காலையில அந்த விரலப் பாத்து நீயும்தான் சிரிச்ச!” என்று நாலு பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.