கம்பிவலையும் புள்ளி எழுத்தும்

வேலுத்தாய்க்குப் பார்வை முழுதாகப் போனது 1972-ஆம் வருஷத்து மழைக்காலத்தில். கேரளத்துச் சாந்தன்பாறைக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் அவள் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிகிறது, தலை இடிக்கிறது என்று ஒரு வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் தலைவலி மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் கணவன் மொக்கையன் போடிக்குக் கூட்டிப்போனபோது, கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போய்விட்டது, முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

அவள் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்களில் வாசகசாலைக்குப் போய்வந்தவள் அவள் ஒருத்திதான். அங்கே முக்கால்வாசி மலையாளப் புத்தகங்கள். தமிழுக்கு ஒரே ஓர் அலமாரி. அந்த அலமாரியை முழுக்கப் படித்துவிட்டு, பிடித்ததை மறுபடி எடுத்துப் போவாள். கண் போனபிறகு அந்தப் பக்கமே போகவில்லை. வாசகசாலையைப் பார்த்துக்கொண்ட அமிர்தநாதன்தான் ஒருநாள் அவளைத் தேடி லயத்துக்கு வந்தார்.

"அக்கா, கையால தடவிப் படிக்கிற புத்தகம் மதுரையில ஒரு லைப்ரரியில இருக்காம். தபால்லயே அனுப்புவாகளாம். ஸ்டாம்புகூட ஒட்ட வேண்டாம்."

"இனிமே போய் அ, ஆ படிக்கச் சொல்றீகளா தம்பி?"

"நானும்தான் படிக்கப் போறேன். ரெண்டு பேரும் சேர்ந்து தப்புப் பண்ணுவோம்."

அட்டையில் குத்திய அரிச்சுவடி ஒன்றை வரவழைத்து, புள்ளிகளைக் கண்ணால் பார்த்து முதலில் அவர் கற்றுக்கொண்டார். பிறகு அவளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தார். அங்கேதான் சிக்கல் வந்தது. களைவெட்டியும் காய் எடுத்தும் அவள் விரல்நுனிகள் காய்ப்பு ஏறிக் கிடந்தன. எந்த எழுத்தைத் தொட்டாலும் ஒரே மாதிரி இருந்தது.

"மணலத் தடவுற மாதிரி இருக்கு தம்பி. எனக்கு வராது, விட்ருங்க" என்று அட்டையைத் தள்ளிவிட்டு அழுதாள்.

கைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி மதுரையிலிருந்து யோசனை வந்தது. மொக்கையன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். பாத்திரம் தேய்க்கச் சாம்பலைத் தொட விடவில்லை. விறகை எடுக்க விடவில்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் அவள் கையை முக்கித் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவான். லயத்தில் சிரித்தார்கள். "மகாராணிக்குக் கை வலிக்குதாக்கும்" என்று பக்கத்து வீட்டுக்காரி அவன் காதில் விழும்படியே சொன்னாள்.

"ஆமா, மகாராணிதான்" என்பான் அவன். "மண்ணெண்ணெய் செலவில்லாம படிக்கிற மகாராணி."

ஒரு வருஷம் போல ஆயிற்று. ஒருநாள் அவள் விரல் ஓரிடத்தில் நின்றது. திரும்பிப் போய்த் தடவியது. "மழை... தம்பி, இது மழைதானே?" என்றாள். அமிர்தநாதன் ஆமென்று தலையை மட்டும் ஆட்டினார். அது அவளுக்குத் தெரியாதே என்று பிறகுதான் உறைத்தது.

அதன்பின் தலையணை பருமனில் புத்தகங்கள் வரத் தொடங்கின. கண்ணுக்கு ஒரு புத்தகமாக இருக்கும் நாவல் கைக்கு நாலு பாகமாக வரும். மொக்கையன் அதைத் தோளில் தூக்கி வருவான். அவள் வாசித்துவிட்டுக் கதையை அவனிடம் சொல்லுவாள்.

அவனுக்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை. வருஷக்கணக்காக விறகுப் புகையில் நின்றதில் 1976-இல் நெஞ்சு கெட்டுப்போனது. பத்தடி நடந்தால் மூச்சு இளைத்தது. லயத்து வீடு நிலைக்க வேண்டுமானால் அந்த வீட்டில் ஒருவர் தோட்டத்து வேலையில் இருக்க வேண்டும். ஒரே மகள் பூமாரி போடியில் ஹாஸ்டலில் தங்கிப் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

"மகளக் கூட்டிட்டு வந்து பேரு குடுத்துரு" என்றார் சூப்பர்வைசர்.

"அவ படிக்கட்டும்யா. நான் வாறேன்" என்றாள் வேலுத்தாய். "காய் தேய்க்கக் கண்ணு எதுக்கு?"

அது உண்மைதான். உலர்ந்த காயைச் சூடு ஆறுவதற்குள் கம்பிவலையில் போட்டுக் கையால் தேய்க்க வேண்டும். காம்பும் தூசியும் உதிர்ந்து விழும். அந்த வேலையில் அவள் யாருக்கும் குறையாமல் நின்றாள். ஆனால் சூடும் கம்பியும் விரல்நுனியைத் தின்றன. முதலில் சிறிய புள்ளிகள் மங்கின. பிறகு வரியே தட்டையானது. ஒரு பக்கத்தைக் காலையிலிருந்து தடவியும் மூன்று சொற்களுக்கு மேல் தேறாத ஞாயிற்றுக்கிழமையில் அவள் புத்தகத்தை மூடினாள்.

அதை யாரிடமும் சொல்லவில்லை. மொக்கையனிடம் சொன்னால் தன்னால்தானே என்று உருகிப்போவான். அமிர்தநாதனிடம் சொல்ல வாய் வரவில்லை. "கதை எப்படிக்கா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "நல்லாருக்கு தம்பி, கொஞ்சம் மெதுவாப் போகுது" என்பாள். அவரும் சந்தோஷமாக அடுத்த புத்தகத்துக்கு எழுதிப்போடுவார். புத்தகங்கள் வந்தன, துணி சுற்றியபடி மூலையில் இருந்துவிட்டுத் திரும்பிப் போயின.

ஒருமுறை நூலகத்தார் தவறுதலாகக் கடைசிப் பாகத்துக்குப் பதில் முந்தின பாகத்தையே இரண்டாம் தடவை அனுப்பிவிட்டார்கள். திருப்பியனுப்பக் கட்டும்போதுதான் அமிர்தநாதன் அதைக் கவனித்தார். விளையாட்டாகக் கேட்பதுபோல், "முடிவு என்னாச்சுக்கா?" என்றார்.

"ரெண்டு பேரும் சேர்ந்துட்டாக தம்பி. நல்ல முடிவுதான்."

அவர் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். நுனிகள் பளபளவென்று தேய்ந்திருந்தன.

"எப்ப இருந்துக்கா?"

"தை மாசத்துலருந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே! பிள்ளைகளைப் பாத்துக்கிற கொட்டகைக்கு ஆள் வேணும்னு போன மாசம்தான் ஆபீஸ்ல கேட்டாக. தொட்டிலாட்டுறதுல கை தேயாதே. இப்பச் சின்னத்தாயியப் போட்டுட்டாகளே அக்கா."

"நீங்க பட்ட பாட்டுக்கு, முடியலன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

வாராவாரம் கதையைக் கேட்டோமே, கையைக் கேட்கவில்லையே என்று அமிர்தநாதன் தன்னையே நொந்துகொண்டார். வேறு வேலைக்கு மாற்றச் சொல்லி ஆபீசுக்கு நடந்து பார்த்தார். காலியிடம் வரவில்லை.

பூமாரி தேறி, ஆசிரியப் பயிற்சி முடித்து, 1979-இல் பூப்பாறைப் பக்கம் ஒரு பள்ளியில் சேர்ந்தாள். அம்மாவையும் அப்பாவையும் தன்னோடு அழைத்துக்கொண்டாள். வேலையை விட்டதும் வேலுத்தாய் மறுபடி வெந்நீரும் எண்ணெயுமாகக் காத்திருந்தாள். தோல் மிருதுவானது, உணர்ச்சி திரும்பவில்லை. வரவழைத்திருந்த புத்தகத்தை அவளே கட்டித் தபாலில் சேர்க்கச் சொன்னாள்.

விடுமுறை நாளில் மகள் வாசித்துக்காட்டுவாள். நன்றாகத்தான் வாசிப்பாள், ஆனால் வேகம். பிடித்த வரி ஏதாவது வந்தால் அம்மாவின் முகம் மலரும். அதற்குள் மகள் அடுத்த பக்கம் போயிருப்பாள்.

"திருப்பிப் படிக்கவாம்மா?"

"வேண்டாம்மா. நீ மேல படி" என்பாள் வேலுத்தாய். அடுத்தவர் குரலை எத்தனை தடவைதான் நிறுத்தச் சொல்வது?