அப்பா பொறுக்கி எடுத்த பிளேயர்

அப்பா கடைக்குப் போய் ஒரு பொருளை வாங்கிவந்தார் என்று சொல்வது சரியாக இருக்காது. பெண் பார்க்கப் போகிறவரைப் போலத்தான் போவார். பார்ப்பார், விசாரிப்பார், குலம் கோத்திரம் கேட்பார், கடைசியில் “வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோம்” என்கிற முகத்தோடு எழுந்து வந்துவிடுவார். பேருந்து ஓட்டுநர் என்பதால் தீவின் எந்த மூலையில் எந்தக் கடை, எங்கே எப்போது மலிவு விற்பனை என்பதெல்லாம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு மின்விசிறியை ஒப்பிட்டுப் பார்த்து முடிப்பதற்குள் மழைக்காலமே வந்துவிட்டது என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள். ஆனால் எந்தக் கடைக்காரரும் அவரை ஏமாற்றியதில்லை. அதில் அப்பாவுக்கு அசாத்தியப் பெருமை. எங்கள் ஈசூன் அடுக்குமாடி புளோக்கில் யார் குளிர்பெட்டி வாங்கினாலும் முதலில் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. டிவிடி பிளேயர்கள் மலிந்து, பேட்டைக் கடைகளில்கூட அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்து விற்ற காலம். எங்கள் வீட்டில் பழைய விசிடி பிளேயர் ஒன்று இருந்தது. அது போதும் என்றுதான் இருந்தோம், மாமாவின் கல்யாண டிஸ்க் வந்து சேரும் வரைக்கும்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கல்யாணம் பட்டுக்கோட்டையில். அம்மா அங்கே பிறந்து, அப்பாவைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். கல்யாணத் தேதி குறித்தபோது என் தம்பி அம்மாவின் வயிற்றில் எட்டாம் மாதம். விமானம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா டாக்டரிடம் மறுபடி கேட்டாள், வேறு டாக்டரிடமும் போய்க் கேட்டாள். பலிக்கவில்லை. போக முடியாததைவிட அவளுக்குப் பெரிய துக்கம் இன்னொன்று இருந்தது. எங்கள் பக்கத்தில் தாலியின் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற முடிச்சுகளைப் பெண்ணுக்குப் பின்னால் நின்று மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ போடுவாள். நாத்தனார் முடிச்சு. அந்த முறைக்கு மாமாவுக்கு அம்மாவை விட்டால் உடன்பிறந்தவள் வேறு கிடையாது.

அம்மாவின் பெரியப்பா மகள் ஒருத்தி முறைக்கு இருந்தாள். ஆனால் அவளோடு அம்மாவுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா கல்யாணமாகிக் கிளம்பிய அன்று, “கடல் தாண்டிப் போறவளுக்கு இனிமே இந்த வீட்டுல என்ன முறை இருக்கு” என்று நாலு பேர் முன்னால் அவள் சொன்னாளாம். அம்மா அதை மறக்கவே இல்லை. கல்யாணம் முடிந்த அன்றே போன் கார்டைச் சுரண்டி எண்ணை அழுத்தி, மாமாவிடம் அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். மாமா பதில் சொன்னார்: “உன் இடத்துல யாரையும் நிக்க விடலக்கா. மூணு முடிச்சும் நானே போட்டுட்டேன்.” அம்மா போனை வைத்துவிட்டு அழுதாள். அடுத்த ஒரு மாதத்துக்கு எங்கள் மாடியில் அந்தச் செய்தி தெரியாதவர் கிடையாது. நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் எதிர்வீட்டு மலாய்க்கார அம்மாவுக்குக்கூட நாத்தனார் முடிச்சு என்றால் என்னவென்று தெரிந்துபோயிற்று.

தம்பி பிறந்து மூன்றாம் மாதம், ஊரிலிருந்து வந்த ஒருவர் முறுக்கு, வடகத்தோடு அந்த டிஸ்க்கைக் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டி கூட இல்லை. காகித உறையில் போட்டு வடகப் பொட்டலத்துக்கு நடுவில் செருகியிருந்தார்கள். விசிடி பிளேயர் அதை உள்ளே வாங்கி, ஒரு சுற்று சுற்றி, வெளியே தள்ளியது. டிவிடி என்றார் அப்பா. அம்மா அவரையே பார்த்தாள். “ஏங்க, இதுக்கும் ரெண்டு மாசம் ஆக்கிடாதீங்க” என்றாள்.

அப்பா வேலையில்லாத நாளில் புறப்பட்டார். கைக்குழந்தையோடு அம்மா வர முடியாது. அவருக்குத் துணையாக நான். டிஸ்க் அப்பாவின் சட்டைப் பையில். பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாதே, உன் டிஸ்க்கை எடுத்துப் போய்ப் போட்டுப் பார் என்பது அவர் கொள்கை.

முதலில் தெம்பனிஸ் கடைத்தொகுதி. ஜப்பான்காரப் பிளேயர், கைவிரல் தடிமன்தான் இருக்கும், கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தது. பிறகு டிஸ்க்கே இல்லை என்று திரையில் எழுதிக் காட்டியது. ஸ்டூடியோவில் பதிந்த டிஸ்க்கை எல்லாம் இது எடுக்காது, கடையில் விற்கும் ஒரிஜினல்தான் ஓடும் என்று விற்பனையாளர் விளக்கினார். அப்பா பணிவாக நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, “ஆனை வில சொல்றான், உள்ள போட்டதையே இல்லங்குறான்” என்றார்.

அடுத்தது தேக்கா. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில் பிரஷர் குக்கர், பயணப்பெட்டி, போன் கார்டு, டிவிடி பிளேயர் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே விற்கும் கடை. கடைக்கார அண்ணன் அப்பாவுக்கு ஏற்ற ஆள். பிராண்டு சாமானுக்கு நாக்கு நீளம், இந்தச் சீனத்துச் சாமான் எதைப் போட்டாலும் தின்னும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். அப்பா விடவில்லை. விசிடி ஓடுமா, எம்பித்ரீ ஓடுமா, கரோக்கே மைக்குக்கு எத்தனை ஓட்டை, ரிமோட் கெட்டுப்போனால் தனியாகக் கிடைக்குமா, சூடாகுமா என்று கேட்டுக்கொண்டே போனார். கேட்ட எல்லாவற்றுக்கும் அண்ணன் பதில் வைத்திருந்தார். விலையும் கைக்கு அடக்கம்.

பிறகு அவர் டிஸ்க்கை விளக்குக்கு நேராகப் பிடித்துச் சாய்த்துப் பார்த்து, ஒரு கீறலைக் காட்டினார். “அண்ணே, இது எங்க வருதுன்னு மட்டும் பாத்துருவோம். இதத் தாண்டிருச்சுன்னா மிச்சமெல்லாம் தாண்டிரும்” என்று படத்தை வேகமாக ஓட்டினார். பந்தல், பந்தி, மாப்பிள்ளை அழைப்பு எல்லாம் பறந்தன. தாலி கட்டும் இடத்தில்தான் கீறல் வந்தது. ஓட்டத்தை மட்டுப்படுத்தினார். படம் லேசாக நடுங்கி, சமாளித்துக்கொண்டு, தெளிந்தது. மாமா முதல் முடிச்சைப் போட்டார். அரக்குச் சேலை கட்டிய ஒரு பெண் பின்னாலிருந்து குனிந்து, சிரித்துக்கொண்டே மற்ற முடிச்சுகளைப் போட்டாள். அவளை நான் பார்த்ததே இல்லை. இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருந்தாள். மூக்குத்திக் கல் மின்னுவதுகூடத் தெரிந்தது. இத்தனை கீறலிலும் இத்தனை தெளிவா என்று நான் அசந்துபோய் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

அப்பாவின் முகம் வெளிறியிருந்தது.

“நிறுத்துங்க” என்றார்.

“என்னண்ணே, தண்ணி மாதிரி ஓடுதே” என்றார் கடைக்காரர்.

“நல்லாத்தான் இருக்கு. இன்னும் ரெண்டு கட பாத்துட்டு வர்றேன்.”

வெளியே வந்து தே கடையில் உட்கார்ந்தோம். எனக்கு மைலோ வாங்கிக்கொடுத்துவிட்டு, அவருடைய தேத்தண்ணீர் ஆடை கட்டும் வரை தொடாமல் வைத்திருந்தார். வழக்கமாக வேறு யாராவது ஓட்டும் பேருந்தில் ஏறினால், இவன் பிரேக் போடுவதைப் பார், வளைவில் திருப்புவதைப் பார் என்று வழிநெடுக விமர்சனம் வரும். அன்றைக்கு வீடு போய்ச் சேரும்வரை வாயே திறக்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் கோபம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாரே என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் மார்சிலிங். ஒரு புளோக்கின் கீழே சீனப் பெரியவர் ஒருவர் நடத்தும் கடை. இந்த முறை அப்பா மைக் ஓட்டையைப் பற்றிக் கேட்கவில்லை, ரிமோட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. நேராகத் தாலி கட்டும் இடத்துக்கு ஓட்டச் சொன்னார். முதலில் போட்ட பிளேயரில் மாமா தாலியை எடுத்தார். படம் சதுரம் சதுரமாக உடைந்தது. உறைந்து நின்றது. பிறகு ஒரே தாவலாக, எல்லோரும் அட்சதை போடும் இடத்துக்குப் போய்விட்டது. அப்பா மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும் அதே தாவல். பெரியவருக்குச் சங்கடமாகிவிட்டது. உள்ளே போய் வேறொரு பிளேயரைக் கொண்டுவந்து போட்டார். அதில் தடங்கலில்லாமல் ஓடியது.

“அங்கிள், ஐ டேக் த ஃபர்ஸ்ட் ஒன்” என்றார் அப்பா.

“ஃபர்ஸ்ட் ஒன் ஜம்ப் லா” என்றார் பெரியவர், தன் பொருளைத் தானே தூற்றி.

“நெவர் மைண்ட் லா.”

பெரியவர் அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஒரு வாரத்துக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகத் தானே வலிய ரசீதில் எழுதிக்கொடுத்தார். வழியில் நான் பொறுக்கமாட்டாமல், “அப்பா, அது ஜம்ப் ஆகுதுப்பா. தேக்கா கடையில ஆகலயே” என்றேன். “டிஸ்க்குல கீறல் இருந்தா பிளேயர் என்னம்மா பண்ணும்” என்றார். இதே மனிதர்தான் மின்விசிறியின் காற்றை நூல் கட்டிச் சோதித்தவர்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டாள். கேசரி கிண்டினாள். மக்சிக் வந்தார், மேல்மாடியிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. படம் ஓட ஓட அம்மா சோபாவின் நுனிக்கு வந்துவிட்டாள். வீட்டு வாசலைப் பார்த்துச் சிரித்தாள், அவளுடைய அப்பா மெலிந்திருப்பதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள், பந்தியில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மக்சிக்குக்கு மலாயில் சொன்னாள். “இப்பப் பாருங்க, மூணு முடிச்சும் எந்தம்பியே போடுவான்” என்றாள். படம் சதுரமாக உடைந்தது, நின்றது, தாவியது. அட்சதை விழுந்துகொண்டிருந்தது.

அப்பா டிஸ்க்கை எடுத்துப் பனியனில் துடைத்தார், ஊதினார், மறுபடி போட்டார். மறுபடியும் அட்சதை. மேல்மாடிக்காரர் சிரித்துவிட்டார். “என்னண்ணே, ஊருக்கெல்லாம் ஜாமான் பாத்துச் சொல்றீங்க, ஒங்க வீட்டுக்கு இதயா புடிச்சீங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். “மலிவுன்னு ஏமாந்துட்டேன் லா” என்றார். அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் பள்ளி விட்டு வந்தபோது அம்மா தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். ஒரு வாரத்துக்குள் மாற்றலாம் என்பதை எப்படியாவது அம்மா காதில் போட்டுவிட வேண்டும் என்று நான் காத்திருந்தேன். “தேக்கா கடை பிளேயர்தாம்மா பெஸ்ட். அதுல குதிக்கவே இல்ல. ரெண்டு மூக்குத்தி போட்ட ஒரு ஆன்ட்டி பின்னாடி குனிஞ்சு முடிச்சு போடுறாங்க, அந்தக் கல்லு கூட கிளியரா தெரிஞ்சுச்சு” என்றேன்.

தம்பியின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“ரெண்டு பக்கமுமா?”

“ஆமாம்மா. அரக்குப் பொடவ. சிரிச்சுக்கிட்டே போட்டாங்க.”

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வழிந்து தம்பியின் தலையில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை. “அப்பா பாத்தாரா?” என்று கேட்டாள்.

“பாத்தாங்களே. அப்பாதான் நிறுத்தச் சொன்னாங்க. அப்புறம் மார்சிலிங் போயி, நல்லா ஓடுற பிளேயர் இருக்கும்போதே வேணாம்னு சொல்லி இத எடுத்தாங்க.”

அம்மா என்னைப் பார்த்தாள். அழுகிற முகத்திலேயே சிரிப்பு வந்தது. ஏன் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. “இத நீ எங்கிட்ட சொன்னேன்னு அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது” என்றாள்.

சாயங்காலம் அப்பா வந்து, சட்டையைக் கழற்றும்போது, டிவியைப் பார்த்தபடி கேட்டார்: “அந்தக் கடையில மாத்தித் தர்றேன்னு எழுதிருக்கான். வேணும்னா போயி மாத்திட்டு வந்துரவா?”

நான் ஆவலோடு அம்மாவைப் பார்த்தேன்.

“எதுக்குங்க” என்றாள் அம்மா, அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே. “இது நல்லாத்தான் இருக்கு. இதவிட நல்ல பிளேயர் எனக்கு வேற எங்க கெடைக்கும்.”

அப்பா பெருமூச்சு விட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அம்மா அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி குழம்பை ஊற்றினாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. நல்ல பிளேயர் எது, உருப்படாத பிளேயர் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஆள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான் என்று அன்றைக்கு உறுதியாக நம்பினேன்.