மேற்கோள் பட்டியலில் இரண்டு பெயர்

ஆய்விதழ் என் கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருந்தது. ஆய்வில் குறை இல்லை, மேற்கோள் பட்டியல்தான் அவர்கள் முறைப்படி இல்லை என்று எழுதியிருந்தார்கள். குடும்பப் பெயர் முதலில், காற்புள்ளி, பிறகு முதலெழுத்து. இதழ்களின் பெயர்கள் சாய்வெழுத்தில். பக்க எண் கட்டாயம். பத்து நாள் அவகாசம்.

நான் கல்லூரியில் பாடம் எடுப்பவள். அடையாற்று முகத்துவாரச் சேற்றில் வாழும் புழுக்களைப் பற்றி ஆராய்கிறேன். விவாகரத்துக்குப் பிறகு ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தேன். கல்லூரி விடுமுறையில் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமலே ஒரு நாள் முழுக்கப் போய்விடும். எனவே தினமும் காலையில் கோட்டூர்புரம் நூலகத்துக்குப் போய், ஜன்னலோரம் உட்கார்ந்து, நூற்றுச் சொச்சம் மேற்கோள்களை ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். சலிப்பாக இல்லை. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி இருந்தால் அதுவே ஒரு நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் நாள், ஆங்கில அகரவரிசைப்படி அடுக்கியபோதுதான் அதைக் கவனித்தேன். பட்டியலில் என் பழைய கட்டுரைகள் நான்கு. அவற்றில் இரண்டு தொடக்கத்திலேயே, இரண்டு கடைசிப் பக்கத்தில். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? கல்யாணத்துக்கு முன் அப்பாவின் பெயரை அந்த இடத்தில் போட்டிருந்தேன். அப்புறம் பாஸ்போர்ட்டில் கணவன் பெயர் வந்தது, கட்டுரைகளிலும் அதுவே வந்தது. இப்போது மறுபடியும் அப்பா பெயர். வாசிப்பவருக்கு அவர்கள் இரண்டு வெவ்வேறு பெண்கள்.

கடைசிப் பக்கத்தில் இருந்த இரண்டில் ஒன்று, நானும் என் முன்னாள் கணவனும் சேர்ந்து எழுதியது. ஒரு கருத்தரங்கத் தொகுப்பில் வந்தது. அதற்குத்தான் பக்க எண் இல்லை. இணையத்தில் இல்லை, நூலகத்திலும் கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே பிரதி, நான் விட்டுவந்த மந்தைவெளி வீட்டில் இருந்தது. இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். பிறகு நூலகப் படிக்கட்டில் நின்று அவனுக்கு போன் செய்தேன். ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

"சொல்லு. நல்லா இருக்கியா?" என்றான்.

"இருக்கேன். ஒரு உதவி வேணும். நம்ம பேப்பர் வந்த அந்தக் கருத்தரங்கப் புத்தகம், நீல அட்டை. பக்க நம்பர் மட்டும் போதும்."

"எங்க இருக்குன்னே தெரியலையே."

"ஹால் அலமாரி, கீழ்த்தட்டுல. அகராதிக்குப் பின்னாடி."

"அந்த அலமாரியை எடுத்தாச்சு. பரண்ல பாக்கறேன். லைன்லயே இரு," என்றான்.

ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. அட்டைப்பெட்டிகள் நகர்ந்தன. அவனுக்குத் தூசி ஆகாது. மூன்று முறை தும்மினான். மூக்கில் துணியைக் கட்டிக்கொள் என்பது வாய் வரை வந்து நின்றது.

"கிடைச்சுது. நூத்தி எண்பத்தொண்ணுலேர்ந்து நூத்தித் தொண்ணூத்திரெண்டு."

குறித்துக்கொண்டேன். அவன் போனை வைக்கவில்லை. தாளைப் புரட்டும் சத்தம்.

"இதுல என் பேருதான் முதல்ல இருக்கு," என்றான்.

"ஆமா."

"சேத்துல இறங்கினது நீ. எழுதினதும் நீ. உன் பேரைத்தான் முதல்ல போட்டிருக்கணும். அப்ப எனக்குத் தோணல."

அந்த வீட்டில் நாங்கள் எதற்கெதற்கோ சண்டை போட்டிருக்கிறோம். எல்லாச் சண்டையிலும் நான் எதிர்பார்த்தது இந்த மாதிரி ஒரு வாக்கியத்தைத்தான். கேட்டுவிட்ட பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"இப்ப மாத்த முடியாது. அச்சுல எப்படி வந்திருக்கோ அப்படியேதான் போடணும்," என்றேன்.

"தெரியும். சொல்லணும்னு இருந்தது. புத்தகத்தை கூரியர்ல அனுப்பட்டுமா?"

"வேண்டாம். நம்பர் போதும்."

போனை வைத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டது. உள்ளே போய்த் தட்டச்சு செய்தேன். முதலில் அவன் பெயர், காற்புள்ளி, அவன் முதலெழுத்து. அடுத்து என் குடும்பப் பெயராக மறுபடியும் அவன் பெயர், காற்புள்ளி, என் முதலெழுத்து. அந்த வரியில் அவன் இரண்டு முறை இருந்தான். நான் ஒரே ஓர் எழுத்தாக இருந்தேன். பக்க எண்ணைப் போட்டு, அன்று மதியமே கட்டுரையை அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் தெருமுனை இட்லிக் கடைக்கார அக்கா கேட்டாள்: "இன்னாமா, மூஞ்சியே சரியில்ல?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு வேலை முடிஞ்சுது."

"இன்னா வேலை?"

"பேரையெல்லாம் வரிசையா எழுதற வேலை."

"ரேஷன் கார்டா? உங்க வூட்ல எத்தினி பேரு?"

"நான் மட்டும்தான்."

அவள் இட்லியை எடுத்து வைத்தாள்.

மூன்று மாதம் கழித்துக் கட்டுரை வெளிவந்தது. அன்று காலையிலிருந்து யோசித்து, மாலையில் அதன் இணைப்பை அவனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டான் என்பதற்கு நீலக் குறி வந்தது. பதில் வரவில்லை.