வாய் திறக்காத சாமி

2004 வாக்கில், ஜெர்மனியின் எசன் நகரில் எங்கள் மேல்வீட்டில் ஒரு ஜெர்மன் பெண்மணி இருந்தார். பழைய எகிப்தியச் சாமிகளைக் கும்பிடுகிறவர். சுடாத களிமண்ணில் அவரே சாமி செய்வார். நகக்கண்ணில் எப்போதும் மண் இருக்கும். செய்து முடித்ததும், நாங்கள் சிலைக்குக் கண் திறப்பதுபோல, மந்திரம் சொல்லி அதற்கு வாய் திறப்பார்; அதோடு சாமிக்கு உயிர் வந்து பசிக்கத் தொடங்குமாம். அன்றிலிருந்து தினமும் பாண் ரொட்டியும் தண்ணீரும் படைத்து, படைத்ததைப் பிறகு தானே சாப்பிடுவார்.

அவருக்குப் புற்றுநோய் வந்து முற்றித் தலைமுடி கொட்டிய பிறகு, ஒருநாள் நரித்தலைச் சாமி ஒன்றை என் கையில் தந்தார். செத்தவர்களுக்கு வழிகாட்டிக் கூட்டிப்போகிற சாமி அது.

"மற்றதுகளை ஆற்றிலை கரைச்சிட்டன். பசியோடை விட்டிட்டுப் போக ஏலாது" என்றார். ஜெர்மனில் சொன்னதுதான், எனக்கு இப்படித்தான் நினைவிருக்கிறது.

"அப்ப இது?"

"இதுக்கு நான் வாய் திறக்கேல்லை. பசிக்காது. வைச்சிருங்கோ."

"நான் சாப்பாடு வைப்பன். திறந்துவிடுங்கோ."

"வேண்டாம். உங்களுக்கு உங்கட சாமியளே போதும்."

அந்த வருடம் பனி கொட்டத் தொடங்குமுன் இறந்துபோனார்.

நரித்தலைச் சாமி எங்கள் சாமித்தட்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலையில் விளக்கேற்றும்போது அந்த மூடிய வாயைப் பார்ப்பேன். தனியாகப் போனவர், வழியை யாரிடம் கேட்டிருப்பார்?