பேரீச்சந்தோட்டத்தில் என் கண்ணைக் காத்தவள்

என் வலது கண் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போன வருஷம் ஆனி மாதம். அரபு அமீரகத்தில் அல் ஐன் பக்கம் ஒரு பேரீச்சந்தோட்டத்தில் பழம் பறிக்கும் சீசன் வேலைக்கு வந்திருந்தேன். ஒற்றைக் கண்ணனை எந்த முதலாளி மரத்தில் ஏற்றுவான்? ஊரில் என் வீட்டு அடுப்பு எரிவதே இந்தக் கண்ணை நம்பித்தான்.

மரத்து உச்சியில் இடுப்புக் கயிற்றில் சாய்ந்தபடி குலையை அறுக்கும்போது, மட்டை முள் சுருக்கென்று கண்ணில் ஏறியது. தட்டிவிட்டு இறங்கினேன். கூட வேலை பார்க்கும் பரமக்குடி முருகேசன் அண்ணன் ஊர் வைத்தியத்தை ஆரம்பித்தார். துண்டு முனையைச் சுருட்டி, வாயால் சூடாக ஊதி, கண்ணில் அழுத்தி அழுத்தி ஒற்றினார்.

"ஒண்ணுமில்லடா தம்பி, இப்பச் சரியாப் போயிரும்."

தூசிக்குச் சரி, முள்ளுக்கு? எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. இதமாக இருந்ததால் மறுபடி மரம் ஏறிவிட்டேன்.

மறுநாள் காலையில் கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. திறந்தால் ஒரே புகைமூட்டம். தோட்டத்தில் வண்டி இல்லை. விசா கொடுத்த அரபி முதலாளி, கபீல், வெளிநாடு போயிருந்தார், போனை எடுக்கவில்லை. ஃபோர்மேன் குல் பாய், பாகிஸ்தான்காரர், பாவம், "ஸபர் கரோ பாய்" என்று பொறுமையாக இருக்கச் சொன்னார். எப்படிப் பொறுப்பது? உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. ரூமுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். இடது கண்ணைப் பொத்திப் பொத்தி, வலது கண்ணுக்கு மரம் தெரிகிறதா என்று பார்த்தேன். பார்க்கப் பார்க்க மங்கல் கூடியது. அழுதேன். கடைசியில் எங்கள் ஊர் மாரியம்மனிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

"ஆத்தா, ஒனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? என் கண்ணக் காப்பாத்து. வெள்ளியில கண்மலர் சாத்துறேன்."

உடனே வந்தாள் என்று சொன்னால் பொய். மதியம் வரை தவிக்கவிட்டாள். அப்புறம்தான் ஒரு வெள்ளைக் கார் வந்தது. கபீலின் மனைவி, சீசனின் முதல் பழத்தைத் தானே எடுத்துப்போக டிரைவரோடு வந்திருந்தார். அதற்கு முன் அவரை நான் அங்கே பார்த்ததே இல்லை. குல் பாய் பழக்கூடையை நீட்டினார். அந்த அம்மா கூடையை வாங்காமல் என் கண்ணையே பார்த்தார்.

"கலாஸ்! யல்லா, யல்லா!" போதும், கிளம்பு கிளம்பு என்று விரட்டினார்.

என்னைத் தன் காரில் ஏற்றி டிரைவரோடு அனுப்பிவிட்டு, கார் திரும்பும் வரை அந்த வெயிலில் மரத்தடியிலேயே காத்திருந்தாராம்.

ஆஸ்பத்திரியில் மலையாளி டாக்டர் முள் நுனியை எடுத்தார். துண்டால் அழுத்தியதில் அது உள்ளே இறங்கியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் பார்வை போயிருக்கும் என்றார். கண்ணில் போட்ட கட்டைப் பிரிக்கும் வரை ஆத்தா பேரையே சொல்லிக்கொண்டிருந்தேன். பிரித்ததும் சுவரில் இருந்த எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அங்கேயே விழுந்து கும்பிட்டேன்.

இப்போதெல்லாம் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாமல், ஆத்தா பேரைச் சொல்லாமல் மரம் ஏறுவதில்லை. யார் கண்ணில் எது பட்டாலும் துண்டை எடுக்க விடுவதில்லை. முருகேசன் அண்ணன் முறைப்பார். முறைக்கட்டும். கஷ்டத்தில் இருக்கும் அன்பர்களே, அவளைக் கூப்பிடுங்கள். உரிமையோடு சண்டை போட்டே கூப்பிடுங்கள். எந்த முகத்தோடு வருவாள் என்று மட்டும் நாம் முடிவு செய்ய வேண்டாம்.

ஊரில் என் மனைவி கண்மலர் சாத்தப் போனாள். இரண்டு ஜோடி வாங்கச் சொல்லியிருந்தேன். இரண்டாவது ஜோடி யார் பெயருக்கு என்று பூசாரி கேட்க, கோயிலிலிருந்தே போன் செய்தாள்.

"ஏங்க, அந்த அரபியம்மா பேரு என்னங்க?"

எனக்குத் தெரியாது. இங்கே அடுத்த வீட்டுப் பெண்ணின் பெயரைக் கேட்பதும் மரியாதை இல்லை.

"ஆத்தான்னே சொல்லு" என்றேன்.