கேப்பு கிடைக்காத கோடை

முகையூர்ப் பக்கத்தில் என் மாமாவின் ஊரில் துப்பாக்கி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். பயிர்ப் பாதுகாப்புக்கென்று சர்க்கார் கொடுத்த லைசன்ஸ். அந்தச் சிறு புத்தகத்தை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பீரோவில் பட்டாவுக்கும் மேலே வைத்திருந்தார். குழல் வாயில் வெடிமருந்து கொட்டி, ரவை போட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்கும் பழைய நாட்டுத் துப்பாக்கி அது. தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விடும். ஓட்டு எண்ணி முடிந்ததும் திரும்பி வரும். அது வீட்டில் இல்லாத நாட்களில் மாமா மாப்பிள்ளையை வேலைக்கு அனுப்பிவிட்ட புதுப்பெண்போல வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார் என்று அத்தை சொல்லுவாள்.

அத்தை என்றால் மாமாவின் மனைவி. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே என்னைத் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிடுவாள் அம்மா. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்வரை நான் அவர்கள் பிள்ளை.

எனக்குப் பத்து வயதாகியிருந்த அந்தக் கோடையில் காட்டுப்பன்றிகளின் தொல்லை அதிகம். மாசியில் போட்ட மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காய் பிடித்து முற்றும் நேரம். பொழுது சாயும்போது ஆற்றங்கரைப் புதரிலிருந்து கூட்டமாக வந்து, ஒரு பாத்தியை மூக்கால் உழுதுவிட்டுப் போய்விடும். மாமா தினமும் ஐந்து மணிக்குத் துப்பாக்கியோடு மல்லாட்டைக் கொல்லைக்குப் போவார். பன்றியைச் சுடமாட்டார், சுடவும் கூடாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அது போதும். சுற்றி இருந்த நாலைந்து கொல்லைகளும் அந்த ஒரு வெடியை நம்பித்தான் இருந்தன. வெடித்ததும் அங்கங்கே இருந்து “சபாஷ் மாமா” என்று குரல் வரும். அவர் கேட்காததுபோல மீசையைத் தடவிக்கொள்வார்.

அந்த வருடம் அவருடைய கவலையெல்லாம் பன்றியைப் பற்றியல்ல, கடையைப் பற்றியது. கருமருந்து விலை ஏறிவிட்டது. ஈய ரவை விலை அதைவிட ஏறிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே கேப்பு. துப்பாக்கிக் குதிரை தட்டியதும் நெருப்புப் பொறி கொடுக்கிற, சட்டைப் பொத்தானைவிடச் சின்னதான செம்புக் குப்பி. அது வெளியூரிலிருந்து வரவேண்டும், வருவதே குறைந்துபோயிற்று. விழுப்புரம் போய்வரும் ஒவ்வொரு முறையும் மாமா கொல்லைக்காரர்களைக் கூட்டி வைத்துச் செய்தி வாசிப்பார்.

“கேப்பை வெல அப்படியே கீது. கேப்பு வெல மட்டும் ஏறிக்கினே போவுது. இன்னா நாயம் இது?”

கேழ்வரகுக்கு அந்தப் பக்கம் கேப்பை என்று பேர். எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். போன வருடம் ஒரு கேப்பு வாங்குகிற காசில் ஒரு டீ குடிக்கலாம், இந்த வருடம் கூடவே இரண்டு பஜ்ஜியும் தின்னலாம் என்பார். அதனால் தினம் ஒரு வெடி என்பது ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாயிற்று. வெடிக்காத நாளில் அவர் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு வரப்பில் இரண்டு தடவை நடந்துவிட்டு வருவார். பன்றிகள் அதைப் புரிந்துகொள்ள ஒரு வாரம் எடுத்துக்கொண்டன.

விலையைப் பற்றி அவ்வளவு பேசிய மாமா தன் கையைப் பற்றி மட்டும் பேசவே இல்லை. அந்த வருடம் அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. டீ டம்ளரை எடுத்தால் வாய்க்குப் போவதற்குள் கால் பங்கு லுங்கியில் இருக்கும். அத்தை டம்ளரை அரை அளவே நிரப்பிக் கொடுக்க ஆரம்பித்தாள். “சர்க்கரை கம்மியா கீதுன்னு பாத்தேன், டீயே கம்மியா கீதே” என்பார் மாமா. “பால் பத்தல” என்பாள் அத்தை. இரண்டு மாடு கறக்கிற வீட்டில்.

ஒருநாள் சாயங்காலம் நான் மோட்டார் கொட்டகைக்கு முன்னால், ஒரு தகர பக்கெட்டின் பக்கத்தில் உட்கார்ந்து பச்சை மல்லாட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தேன். மாமா கொஞ்ச தூரத்தில் நின்று, கெட்டித்த துப்பாக்கியில் கேப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சின்னக் குப்பி அவர் விரலில் நிற்கவில்லை. இரண்டு தடவை கீழே விழுந்தது. இரண்டு தடவையும் மண்ணில் தேடி எடுத்து ஊதினார். மூன்றாவது தடவை மாட்டிவிட்டார். குதிரையிலிருந்து கட்டை விரல் நழுவியது.

வெடிச் சத்தம் கேட்டது. அதோடு ‘டங்’ என்று ஒரு சத்தம். பக்கெட் உருண்டு போய்க் கால்வாயில் விழுந்தது. நான் அதை ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். ஆறு ஓட்டை. தண்ணீர் மொண்டு தூக்கினால் ஆறு பக்கமும் பீய்ச்சி அடித்தது. அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

மாமா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். “இன்னிக்கிக் காத்து ஜாஸ்தி” என்றார். இலை அசையவில்லை. வீட்டில் அத்தை பக்கெட்டின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். அதை என்னிடமிருந்து வாங்கி வைத்துவிட்டு என் தலையை மட்டும் தடவினாள். தடவினாள் என்பதுகூடச் சரியில்லை. எங்கேயாவது ஏதாவது இருக்கிறதா என்று தேடுவதுபோல உச்சியிலிருந்து கழுத்துவரை விரலால் துழாவினாள். பேன் பார்க்கிறாள் என்று நினைத்து நான் நெளிந்தேன்.

மறுநாள் காலை, எனக்கு வளையல் வாங்கவேண்டும் என்று சொல்லி அத்தை என்னை விழுப்புரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். முதலில் வளையல் கடை. பச்சையும் சிவப்புமாக இரண்டு டஜன், ஒரு பையில் போட்டு என் கையில். அதன்பிறகு, நான் எதிர்பார்க்காத ஓர் இடத்துக்குப் போனோம். மாமா மருந்து வாங்குகிற துப்பாக்கிக் கடை. ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கையில் கொடுத்து என்னை வாசல் ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு அத்தை உள்ளே போனாள். கடைக்காரர் நாற்பது வயசு ஆள், மெதுவாகப் பேசுகிறவர். அன்றைக்கு அவர் குரல் கொஞ்சம் ஏறியது.

“எப்படிம்மா? லைசன்ஸ் வச்சிக்கினு வர்ற ஆளு, பத்து வருச கஸ்டமர். நான் இல்லன்னு எப்படிச் சொல்றது?”

“ஏற்கெனவே பாதி நாள் இல்லன்னுதான சொல்றீங்க? இனிமே முழு நாளும் சொல்லுங்க.”

“நீங்களே சொல்லிடலாமேம்மா அவரு கிட்ட.”

“நான் சொன்னா அவரு மனசு உட்டுப் போயிடும்ங்க. கை ஆவலன்னு நான் சொல்ற மாதிரி ஆயிடும். சரக்கு இல்லன்னா ஊரு உலகத்துக்கே இல்லன்னு போயிடும்.”

அத்தை விலை குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறாள் என்றுதான் நினைத்தேன். காய்கறிக்காரரிடமும் அவள் அதே குரலில்தான் பேசுவாள். வெளியே வந்ததும் என் வாயைத் துடைத்துவிட்டு, “மாமா கேட்டா வளையல் கடைக்குப் போனோம்னு சொல்லு. போதும்” என்றாள். அது பொய்யில்லை என்பதால் எனக்கும் சம்மதமாக இருந்தது.

அடுத்த வாரம் மாமாவின் கேப்பு தீர்ந்தது. விழுப்புரம் போகக் கிளம்பியவர், “வாடா கண்ணு, தொணைக்கு” என்று என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். லைசன்ஸ் புத்தகத்தை உறையோடு என் கையில் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு நான் கலெக்டர்போல உட்கார்ந்திருந்தேன்.

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மாமா உட்காருவதற்குள்ளாகவே பேச ஆரம்பித்துவிட்டார்.

“அண்ணே, சரக்கே வர்றதில்லண்ணே. கேப்பு இல்ல, மருந்து இல்ல. கம்பெனியில போன் எடுக்க மாட்றான். இனிமே வருமான்னே தெரியல.”

“ஒரு டப்பா கூடவா இல்ல?”

“ஒரு டப்பா கூட இல்லண்ணே.”

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் தலைக்குப் பின்னால், கண்ணாடி அலமாரியில், மேல்தட்டில், மாமாவின் பீரோவில் நான் ஆயிரம் தடவை பார்த்த அதே வட்ட டப்பாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு இருந்தன.

“மாமா, அதோ கீதே! நாலு டப்பா கீது!”

கடைக்காரர் திரும்பிப் பார்த்தார், அந்த டப்பாக்களை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல.

“அது... காலி டப்பா பாப்பா. சும்மா அழகுக்கு வச்சிருக்குது.”

“காலின்னா ஏன் சீல் பிரிக்கல?” என்றேன். நான் ஐந்தாம் வகுப்பில் முதல் ரேங்க்.

கடைக்காரருக்கு நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. மாமா அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சை எப்படியாவது மாற்றவேண்டும் என்ற அவசரத்தில் அந்த நல்ல மனிதர் என் கையைப் பார்த்துச் சிரித்தார்.

“வளையல் நல்லா கீதே பாப்பா. அளவு சரியா இருந்திச்சா? அன்னிக்கிப் பையிலயே வச்சிருந்தியே, போட்டுப் பாக்காம.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மாமா என் வளையலைப் பார்த்தார். கடைக்காரரைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த லைசன்ஸ் புத்தகத்தை வாங்கி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“காலின்னு சொல்றாரு இல்ல கண்ணு. காலின்னா காலிதான். வா.”

“இல்ல மாமா, அது...”

“வான்னா வா.”

எனக்கு மாமாமேல் அப்படி ஒரு கோபம். பன்றியை விரட்டுகிற ஆள், ஒரு பொய் சொல்லுகிற கடைக்காரரை விட்டுவிட்டு வருகிறாரே! பஸ் ஸ்டாண்டில் டீக்கடையில் எனக்கு போண்டா வாங்கிக் கொடுத்தார். தன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“கண்ணு, அன்னிக்கிப் பக்கெட்டு உருண்டுச்சே. நீ எங்க குந்திக்கினு இருந்தே?”

நான் போண்டாவை வாயில் வைத்துக்கொண்டே, இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அது சரியான அளவாக இல்லை. கொஞ்சம் குறைத்துக் காட்டினேன். மறுபடியும் குறைத்தேன். என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஆனதும், “இவ்ளோ கிட்ட மாமா!” என்றேன் பெருமையாக.

மாமா டீயை அப்படியே வைத்துவிட்டார். பஸ் வந்தது. ஊர் வரும்வரை என் தோள்மேல் கையைப் போட்டுக்கொண்டு வந்தார். கை நடுங்கியது, பஸ் ஆட்டத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மாமா சத்தமாகச் சொன்னார்.

“இந்தாமே! முடிஞ்சிச்சி கத. கேப்பும் இல்ல, மருந்தும் இல்ல. கம்பெனியே மூடிட்டானாம்.”

அத்தை உள்ளேயிருந்து ஈரக் கையோடு வந்தாள். “அய்ய, இன்னாங்க இது அநியாயம்! இருக்கிற வெலைக்கு வாங்கலாம்னா அதுவும் இல்லியா?”

“திண்டிவனத்துல கூட இல்லியாம். பாண்டிச்சேரியில கூட இல்லியாம்.”

திண்டிவனத்தைப் பற்றியோ பாண்டிச்சேரியைப் பற்றியோ கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கம்பெனி மூடியதாகவும் சொல்லவில்லை. நான் வாயைத் திறந்தேன். மாமா என் தலைமேல் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார்.

“பேஜாரு புடிச்ச சாமான்” என்றார் பீரோவோரம் சாத்தியிருந்த துப்பாக்கியைப் பார்த்து. “இத்த வச்சிக்கினு இன்னா பண்றது? ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு வந்துடறேன்.”

“ஒப்படைச்சிட்டாப் போவுது. சரக்கு வந்தா வாங்கிக்கலாம்” என்றாள் அத்தை.

“ஆமா. சரக்கு வந்தா வாங்கிக்கலாம்.”

துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போயிற்று. இரண்டு பேருமே போய் ஒப்படைத்துவிட்டு, சினிமாவுக்குப் போனவர்கள்போல வரும்போது பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பன்றிக்கு வேறு வழி பார்க்கவேண்டியிருந்தது. அத்தை தன் பழைய புடவைகளையெல்லாம் எடுத்துக் கொடுத்தாள். கொல்லையைச் சுற்றிக் கம்பு நட்டு நாங்கள் மூவரும் புடவைகளைக் கட்டினோம். மாமாவுக்கு முடிச்சு விழவில்லை. அவர் புடவையை இழுத்துப் பிடிப்பார், அத்தை முடிச்சுப் போடுவாள். பன்றிகள் இரண்டு நாள் பயந்தன. பிறகு ஒரு மூலையில் புகுந்து நாலு பாத்தியைத் தின்றன. மீதி மல்லாட்டை வீடு வந்து சேர்ந்தது. கொல்லைக்காரர்கள் வெடியைக் கேட்டபோதெல்லாம் மாமா அலுக்காமல் சொன்னார், கம்பெனியே மூடிட்டான் என்று. அத்தை பக்கத்திலிருந்தால், ஆமாம் என்று தலையாட்டுவாள்.

ஜூன் மாதம் அம்மா என்னை அழைத்துப்போக வந்தாள். திண்டிவனம் போகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நான் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன். கடைக்காரர் பொய் சொன்னார். நாலு டப்பா இருந்தது. மாமா கம்பெனி மூடியதாகப் பொய் சொன்னார். அத்தை துப்பாக்கிக் கடைக்குப் போனதை மறைத்துவிட்டாள். நான் ஒருத்திதான் அந்த வீட்டில் நிஜம் பேசினேன், என்னையும் பேச விடவில்லை.

அம்மா பக்கெட்டைப் பற்றி மட்டும் மறுபடி சொல்லச் சொன்னாள். சொன்னேன். என்னை ஜன்னல் பக்கத்திலிருந்து இழுத்துத் தன் மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். பத்து வயசுப் பெண்ணை, அத்தனை பேர் பார்க்கிற பஸ்ஸில்.

“அத்த ஒண்ணும் சொல்லலியா மாமாவ?”

“இல்ல.”

“மாமா?”

“அவரும் அத்தைய ஒண்ணும் கேக்கல.”

“அப்ப ரெண்டு பேருக்கும் தெரியும்” என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் வகுப்பில் ஒருத்தி பொய் சொன்னது இன்னொருத்திக்குத் தெரிந்துவிட்டால் என்ன நடக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாது போலிருக்கிறது.

“தெரிஞ்சிருந்தா சண்ட போட்டிருப்பாங்கம்மா” என்றேன்.