இரண்டு கோடு விழுந்த இலை

எங்கள் பேராசிரியருக்குச் சுத்தம் என்றால் உயிர். ஆய்வகத்துக்கு வரும் ஒவ்வொரு இலையிலும் ஒரே ஒரு வைரஸ்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. வயலில் இருக்கும் வைரஸ்களுக்கு இதை யாரும் வாசித்துக் காட்டவில்லை போலிருக்கிறது. சோதனையில் வைரஸ் ஒன்றுக்கு ஒரு கோடு விழும். ஒரு கோடு விழுந்தால் இலை ஃப்ரீசருக்குப் போகும். இரண்டு கோடு விழுந்தால் குப்பைக்கு. “ரெண்டு இருந்தா அது சாம்பிளே இல்லம்மா, கண்டாமினேஷன், அசுத்தம். எறிஞ்சிடு” என்பார். தொண்ணூறுகளின் கடைசியில், மைசூரில், ஆராய்ச்சி என்ற பெயரில் நான் செய்த முக்கியமான வேலை இப்படி எறிவதுதான். கேள்வி கேட்காமல் எறிந்ததால் எனக்குக் கெட்டிக்காரி என்று பெயர்.

ஒருநாள் தமிழக எல்லையோரம் இருக்கும் ஹனூரிலிருந்து என் தாய்மாமா பஸ் ஏறி வந்தார். டிபன் பாக்ஸுக்குள், ஈரச் செய்தித்தாளில் சுற்றிய தக்காளி இலை.

“தக்காளி பூராச் சுருண்டு போச்சு அம்மணி. செடிக்கு எடையில மொளகா நடலாம்னு இருக்கறேன். இந்த நோவு அதுக்கும் தொத்துமான்னு பாத்துச் சொல்லு. அதுவும் போச்சுன்னா நான் கட்டட வேலைக்குத்தான் போகோணும்.”

பழைய தக்காளிச் செடிகளைப் பிடுங்க அவருக்கு மனமில்லை. நுனியில் இன்னும் நாலு காய் இருந்ததாம்.

அந்த இலையைச் சோதித்தேன். இரண்டு கோடு. ஒன்று தக்காளி வைரஸ், மற்றது வரப்பில் மஞ்சள் நரம்போடிக் கிடக்கும் களைச்செடியின் வைரஸ். பேராசிரியர் எட்டிப் பார்த்தார், எறியச் சொன்னார், எறிந்தேன். மறுவாரம் வந்த மாமாவிடம் இலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. “தக்காளி வைரஸ் மிளகாய்க்குப் போகாது மாமா, தைரியமா நடுங்க” என்றேன். அது பேராசிரியர் வருஷா வருஷம் ஒரு எழுத்து மாறாமல் சொல்லிக்கொடுத்த வாக்கியம்.

ஒரே செல்லுக்குள் இரண்டு வைரஸ் புகுந்துவிட்டால், பிரதி எடுக்கும்போது பாதியை இதைப் பார்த்தும் மீதியை அதைப் பார்த்தும் எழுதிவிடுவது உண்டு. பரீட்சையில் இரண்டு பேரைப் பார்த்துக் காப்பியடிக்கிற மாதிரி. இப்படிப் பிறப்பவற்றில் பெரும்பாலானவை உருப்படாது. எப்போதாவது ஒன்று உருப்பட்டால், பழையவை நுழைய முடியாத செடிக்குள்ளும் அது நுழைந்துவிடும். வெள்ளை ஈ அதைச் சுமந்துபோய் அடுத்த செடியில் இறக்கும். இது எனக்குத் தெரியாததல்ல. படித்து மார்க்கும் வாங்கியிருந்தேன். படிப்பு பரீட்சைக்கு, குப்பைத்தொட்டி வேலைக்கு என்று பிரித்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

மிளகாய் பூ வைக்கும் முன்பே சுருண்டது. மாமா அதே டிபன் பாக்ஸில் அந்த இலையையும் கொண்டுவந்தார். இந்த முறை பேராசிரியருக்குத் தெரியாமல் பெங்களூருக்கு அனுப்பி, வைரஸின் மரபணு வரிசையை முழுவதும் படிக்க வைத்தேன். முன்பாதி தக்காளி வைரஸ், பின்பாதி களை வைரஸ்.

முடிவு வந்த தாளைக் காட்டியதும் பேராசிரியரின் முகம் மாப்பிள்ளை முகமானது. “ரீகாம்பினேஷன்! ரெண்டு சேந்து புது வைரஸ்! நான் அப்பவே சொன்னேனே!” எப்போது சொன்னார் என்று கேட்க யாருக்கும் துணிவில்லை. கருத்தரங்கு கூட்டினார், கைதட்டல் வாங்கினார், எல்லாரும் போண்டா தின்றோம். மறுநாளிலிருந்து இரண்டு கோடு விழுந்த இலைகளுக்கு ஃப்ரீசரில் தனித் தட்டு. நான் எறிந்த இலைகளை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.

விசாரித்தவர் மாமா ஒருவர்தான். சில மாதம் கழித்து மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு கடைக்கு மாடி எடுக்கும் இடத்தில், தலையில் துண்டுச் சும்மாட்டோடு நின்றிருந்தார்.

“அந்த மொத எலையில என்ன இருந்துச்சு அம்மணி? நீ சொல்லவே இல்லியே.”

“பஸ்லயே அழுகிடுச்சு மாமா. பாக்க முடியல.”

“அப்பிடியா” என்று கொஞ்சம் யோசித்தார். “இன்னொரு சுத்துப் பேப்பரு சுத்தியிருக்கோணும். என்ற தப்புதான்.”

சாந்துச் சட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். அது உங்கள் தப்பில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பேராசிரியரைக் கிண்டல் செய்ய மட்டும் இன்றைக்கும் நன்றாக வருகிறது.